ஆட்சேபமும் ஆட்டத் தகுதியும்: இங்கிலாந்தின் அமெச்சூர் கால்பந்தில் ‘இழந்த கூலி’ பற்றிய வழக்கு (1871–1974)

ஆய்வுச் சுருக்கம்

கால்பந்துப் போட்டியில் தோற்ற அணியோ சமநிலை கண்ட அணியோ எதிரணியின் ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆடும் தகுதியில்லை என்று முறையிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. ஆட்டத்தின் நேர்மையைக் காக்கும் ஏற்பாடாகவே இது பொதுவாக விளக்கப்படுகிறது. இம்முறையீடுகளுக்கு அடிப்படையாக இருந்த தகுதி விதிகள் கூலித் தொழிலாளி எந்த நிபந்தனையில் திடலுக்குள் இறங்கலாம் என்பதை முடிவு செய்தன என்று இக்கட்டுரை வாதிடுகிறது. 1884ஆம் ஆண்டின் அப்டன் பார்க் முறையீடும் 1928ஆம் ஆண்டின் டர்ஹம் விசாரணையும் இங்கு முதன்மையாக ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: அமெச்சூர், ஆட்சேப முறையீடு, ஆட்டத் தகுதி, இழந்த கூலி, எஃப்.ஏ. கோப்பை, லங்காஷயர், டர்ஹம்

முன்னுரை

அமெச்சூர் லீக் போட்டிகளை நடத்துவோர் இன்றும் மிகுதியாக எதிர்கொள்ளும் பூசல்கள் இரு வகையின. ஒன்று, ஆட்டம் நடந்த விதம் பற்றியது: திடலின் அளவு, பந்து, நடுவரின் தீர்ப்பு முதலியன. மற்றொன்று, ஆடியவர் யார் என்பது பற்றியது. முதல் வகைப் பூசலுக்குக் கால்பந்து உலகம் விரைவிலேயே ஒரு வழி கண்டுவிட்டது. இரண்டாம் வகைப் பூசல் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஓயாமல் தொடர்ந்தது. ‘யார் ஆடலாம்’ என்ற வினாவுக்குள் ‘யாருக்குச் சோறு போடுவது யார்’ என்ற வினா பதுங்கியிருந்ததே அதற்குக் காரணமாகும்.

மாற்றுப் பெயரில் ஒரு கோல்

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1863ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் லண்டனில் ஒரு விடுதியில் கூடிய கழகப் பிரதிநிதிகளால் நிறுவப்பட்டது. எஃப்.ஏ. என்ற எழுத்துகளால் இன்று உலகறிந்த அச்சங்கம், தன் செயலர் சார்லஸ் ஆல்காக்கின் முன்மொழிவை ஏற்று 1871இல் ஒரு கோப்பைப் போட்டியைத் தொடங்கியது. முதல் ஆண்டில் 15 கழகங்கள் பெயர் கொடுத்தன. 1872ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் கென்னிங்டன் ஓவல் திடலில் நடந்த இறுதியாட்டத்தில் வான்டரர்ஸ் அணி ராயல் எஞ்சினியர்ஸ் அணியை ஒரு கோல் கணக்கில் வென்றது.

அந்த ஒரு கோலை அடித்தவர் மார்ட்டன் பீட்டோ பெட்ஸ். ஆனால் அன்றைய ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயர் ‘ஏ. எச். செக்கர்’ என்றிருந்தது. அவர் ஹாரோ செக்கர்ஸ் என்ற கழகத்தைச் சேர்ந்தவர். அப்புனைபெயர் அதையே சுட்டுகிறது. அக்கழகமோ அதே கோப்பையின் முதற் சுற்றில் வான்டரர்சுக்கு எதிராகப் பெயர் கொடுத்து, ஆடாமல் விலகிக்கொண்டது. பிற்கால விதிகளின் கண்கொண்டு நோக்கினால் இது ஆட்டத் தகுதி வழக்குக்கு மிகப் பொருத்தமான நேர்வு. எனினும் கோப்பை வான்டரர்ஸ் வசமே நின்றது. ஆடிய இரு தரப்பினரும் ஒரே வகைப் பள்ளிகளிலும் ஒரே வகை மன்றங்களிலும் பழகியவர்கள். மாற்றுப் பெயர் அங்கே ஏமாற்றாகக் கொள்ளப்படவில்லை. தெரிந்தவர்களுக்கிடையே நிலவிய ஒரு வேடிக்கையாகவே கொள்ளப்பட்டது எனலாம். அயலார் உள்ளே நுழையும் வரை, தகுதியை நிறுவ ஆவணம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த அயலார் லங்காஷயரின் பருத்தி ஆலை நகரங்களிலிருந்து வந்தனர். நெசவாலைகளில் சனிக்கிழமைப் பிற்பகல் 2 மணிக்கு வேலையை நிறுத்தவேண்டும் என்று 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. சனிப் பிற்பகல் ஆட்டத்துக்கு உரிய நேரமாக அமைந்ததற்கு இச்சட்டம் ஒரு முக்கியக் காரணம். உள்ளூர் ஆட்டத்துக்கு அந்த ஓய்வு போதும்; லண்டன் சென்று ஆடுவதற்குப் போதாது. 1879இல் டார்வென் என்ற சிறு ஆலை நகரத்தின் அணி, கோப்பையின் காலிறுதியில் ஓல்டு ஈட்டோனியன்ஸ் அணியைச் சந்தித்தது. முதல் ஆட்டம் 5–5, இரண்டாவது 2–2 எனச் சமநிலையில் முடிந்தன. மூன்றாவதில் டார்வென் 2–6 என்று தோற்றது. மூன்றும் லண்டனில் நடந்தன. முதல் ஆட்டத்தின் முடிவில் கூடுதல் நேரம் ஆட ஈட்டோனியர்கள் உடன்படாததால் டார்வென் மீண்டும் அத்தனை தொலைவு பயணம் செய்ய நேர்ந்தது. அதற்கு ஊர் மக்கள் நிதி திரட்டினர். ஒவ்வொரு பயணமும் ஆட்டக்காரர்களின் கூலியில் விழுந்த வெட்டு. வங்கியரும் வழக்கறிஞரும் மலிந்த எதிரணிக்கு அத்தகைய இழப்பு எதுவுமில்லை.

அதே டார்வென் அணியில் ஃபெர்கஸ் சூட்டர், ஜேம்ஸ் லவ் என்ற இரு ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆடினர். கல்தச்சரான சூட்டர் இங்கிலாந்தின் கல் மிகவும் கடினமாக இருந்ததால் தம் தொழிலைக் கைவிட்டதாகக் கூறியதுண்டு. கல் மெய்யாகவே கடினமாக இருந்திருக்கலாம். ஆயினும் அடுத்த ஆண்டே அவர் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்துக்கு மாறியதற்குக் கல்லைக் காரணமாகச் சொல்ல இயலாது.

1882ஆம் ஆண்டு விதி

இந்நிலையில் எஃப்.ஏ. 1882இல் ஒரு விதியை வகுத்தது. ஆட்டக்காரர் ஒருவர் தம் உண்மையான செலவையும், அவ்வாட்டத்தில் கலந்துகொண்டதால் மெய்யாகவே இழந்த கூலியையும் தவிர்த்து வேறெந்த ஊதியமோ கைம்மாறோ பெற்றால், அவர் கோப்பைப் போட்டியிலும் சங்கங்களுக்கிடையிலான போட்டிகளிலும் பன்னாட்டுப் போட்டிகளிலும் ஆடலாகாது. அவரை ஆடவைக்கும் கழகமும் சங்கத்திலிருந்து நீக்கப்படும் என்பது அதன் சாரம்.

இவ்விதியின் கடுமையையே பலரும் எடுத்துரைப்பர். அதனுள் அமைந்த விலக்கே அதைவிடக் கவனத்துக்குரியது. ‘இழந்த கூலி’ கொடுக்கப்படலாம் என்று சங்கம் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. அதாவது, கூலி பெறுபவனும் அமெச்சூராக இருக்க முடியும் என்பதே 1882இன் நிலைப்பாடு. ரக்பி ஆட்டத்தின் ஆட்சியாளர்கள் இதே விலக்கை மறுத்ததன் விளைவாகத்தான் 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வடபுலக் கழகங்கள் பிரிந்து சென்று தனி ஒன்றியம் அமைத்தன. இன்றைய ரக்பி லீக் அவ்வழி வந்தது. கால்பந்து அன்று அவ்வாறு பிளவுபடாமைக்கு இவ்விலக்கும் ஒரு காரணம் எனல் தகும்.

எனினும் விதியில் ஒரு குறை இருந்தது. அது பணத்தைத் தடுத்தது. பணமோ கண்ணுக்குப் புலப்படாதது. கணக்கேடு கழகத்தின் கையில் இருந்தது. ஆகவே மீறலை வெளிக்கொணரும் வேலை எதிரணியின் தலையில் விழுந்தது. சங்கம் தானாகச் சென்று தேடவில்லை. தோற்றவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தது. ஆட்சேப முறையீடு விதியின் காவலனாக மாறியது இவ்வாறே. தன்னலம் கொண்ட ஒருவர் முறையிட்டாலொழிய விதி உயிர் பெறாது என்ற நிலை இதனால் நிலைத்துவிட்டது. 1883இல் அக்ரிங்டன் கழகம் ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்ததாகச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அக்கம்பக்கத்து நகரங்களின் கழகங்கள் வழக்கம்போல் ஆடிக்கொண்டிருந்தன.

அதே ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி ஓல்டு ஈட்டோனியன்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 2–1 என்று வென்று கோப்பையை முதன்முறையாக வடக்கே கொண்டுசென்றது. நெசவாளரும் நூற்பாலைத் தொழிலாளரும் இரும்பாலைத் தொழிலாளரும் இடம்பெற்ற அணி அது. இறுதியாட்டத்துக்கு முன் கடற்கரை ஊரான பிளாக்பூலில் தங்கிப் பயிற்சி செய்த அவர்களின் செலவுக்கு உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளி ஒருவர் துணை நின்றார். அது ‘உண்மையான செலவு’ என்ற வரம்புக்குள் அடங்குமா என்பது யாரும் விடை காண விரும்பாத வினாவாக இருந்தது.

அப்டன் பார்க் முறையீடு

1884ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் கோப்பையின் நான்காம் சுற்றில் பிரஸ்டன் நார்த் எண்டும் லண்டனைச் சேர்ந்த அப்டன் பார்க்கும் 1–1 எனச் சமநிலை கண்டன. ஆட்டம் முடிந்தபின் அப்டன் பார்க், எதிரணியினர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று எஃப்.ஏ.விடம் முறையிட்டது.

பிரஸ்டனை நடத்திவந்தவர் வில்லியம் சடெல். ஆலை ஒன்றின் மேலாளர். ஸ்காட்லாந்திலிருந்து திறமையான ஆட்டக்காரர்களைத் தேடி வருவித்து, நகரில் அவர்களுக்கு வேலையும் பெற்றுத் தந்து, அணியைக் கட்டியெழுப்பியவர். இத்தகைய விசாரணைகளில் கழகங்கள் வழக்கமாக மேற்கொண்டது மறுப்பு வழி. கணக்குகளைத் திருத்தி எழுதலாம். ஆட்டக்காரரைச் சாட்சி சொல்ல வைக்கலாம். முறையிட்டவரால் எதையும் மெய்ப்பிக்க இயலாது. சடெல் அவ்வழியில் செல்லவில்லை. ஆட்டக்காரர்களை வெளியூரிலிருந்து வருவித்ததையும் அவர்களுக்கு வேலை தேடித் தந்ததையும் ஒப்புக்கொண்டு, லங்காஷயர் முழுவதும் இதுவே நடைமுறை என்றும் கூறினார். பிரஸ்டன் கோப்பையிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த சுற்றுக்குச் சென்ற அப்டன் பார்க் பிளாக்பர்ன் ரோவர்சிடம் தோற்று வெளியேறியது. சூட்டர் ஆடிய அதே ரோவர்ஸ்தான் அவ்வாண்டுக் கோப்பையை வென்றது. முறையீடு எந்த நோக்கத்துக்காக எழுந்ததோ அந்நோக்கம் ஒரு சுற்றுக்கு மேல் நிலைக்கவில்லை.

சடெலின் ஒப்புதலை நேர்மையின் வெளிப்பாடாகக் கொள்வோர் உளர். அரசியல் திறமாகக் கொள்வோரும் உளர். பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ‘நாங்கள் மட்டுமல்லோம்’ என்ற வாதம் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை. விதியை நடைமுறைப்படுத்த இயலாததாக்குகிறது. ஒரு கழகம் ஒப்புக்கொண்டால் தண்டிக்கலாம். ஒரு மாவட்டமே ஒப்புக்கொண்டால் சங்கம் அம்மாவட்டத்தை இழக்க நேரிடும். 1884 அக்டோபரில் வடபுலக் கழகங்கள் ‘பிரிட்டிஷ் கால்பந்துச் சங்கம்’ என்ற போட்டிச் சங்கத்தை அமைக்க முனைந்தபோது இது வெளிப்படையாயிற்று. ஆல்காக் தொழில்முறையை ஏற்று நெறிப்படுத்துவதே தக்கது என்ற பக்கம் நின்றார். ஷெஃபீல்டின் சார்லஸ் கிளெக் முதலியோர் எதிர்த்தனர். பல மாத வாதத்துக்குப் பின் 1885ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் தொழில்முறை ஆட்டம் சட்டபூர்வமாக்கப்பட்டது.

சடெலின் பிற்கால வரலாறு இவ்விதிகளின் வரம்பைக் காட்டுகிறது. அவர் அணி 1888–89இல் ஓராட்டத்திலும் தோற்காமல் முதல் லீக் பட்டத்தையும், ஒரு கோலும் வாங்காமல் கோப்பையையும் வென்றது. 1895இல் அவர் தாம் பணியாற்றிய ஆலையின் பணத்தைக் கையாடல் செய்த குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பணம் யாருக்குப் போனது என்று விசாரிக்கத் தகுதி விதிகள் இடமளித்தன. அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க இடமளிக்கவில்லை.

ஆறு மைலும் இரண்டு ஆண்டும்

1885ஆம் ஆண்டுத் தீர்மானம் தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கதவைத் திறந்தது; கூடவே நிபந்தனைகளையும் விதித்தது. கோப்பையில் ஆட அவர் அக்கழகத்தின் திடலிலிருந்தோ தலைமையிடத்திலிருந்தோ ஆறு மைலுக்குள் பிறந்திருக்க வேண்டும், அல்லது கடந்த இரண்டு ஆண்டுகளாக அவ்வெல்லைக்குள் வசித்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சங்கக் குழுக்களில் இடம்பெறலாகாது.

ஆட்சேப முறையீட்டின் வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். பணத்தை நிறுவ முடியாது, வசிப்பிடத்தை நிறுவலாம். வாடகைச் சீட்டு, அண்டை வீட்டாரின் சாட்சி, ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவை இனி வழக்கின் சான்றுகளாகும் நிலை தோன்றியது. ‘இவர் எத்தகைய மனிதர்’ என்ற கேள்வி ‘இவர் எங்கே வசிக்கிறார், எந்த நாளில் பதிவானார்’ என்ற கேள்வியாக மாறியது. வசிப்பிட நிபந்தனை 1889இல் கைவிடப்பட்டது, பதிவேடு நிலைத்துவிட்டது.

இம்மாற்றத்தின் பயன் தொழில்முறையாளருக்கே முதலில் கிட்டியது என்பது ஒரு முரண். அவருக்குப் பதிவு உண்டு. அவர் நிலை வெளிப்படையானது. அமெச்சூரின் நிலையோ பழைய விதியின் கீழ்ப் பழையபடியே, யாரேனும் முறையிட்டால் மட்டும் சோதிக்கப்படுவதாக எஞ்சியது. சங்கடம் முழுவதும் அமெச்சூர் போட்டிகளுக்கு இடம்பெயர்ந்தது.

திடலும் நடுவரும்

ஆட்டம் நடந்த விதம் பற்றிய முறையீடுகளைச் சுருக்கமாகக் குறிப்பிட்டால் போதும். 1887–88ஆம் ஆண்டுக் கோப்பையில் லண்டனின் ஸ்விஃப்ட்ஸ் அணியோடு ஆடிய க்ரூ அலெக்சாண்ட்ரா, ஒரு கோலின் குறுக்குக் கம்பம் விதித்த உயரத்தில் இல்லை என்று ஆட்டம் முடிந்தபின் முறையிட்டது. க்ரூ அவ்வாண்டு அரையிறுதிவரை சென்றது. கம்பம் இரு அணிக்கும் பொது. அதன் உயரம் இரு தரப்பையும் சமமாகவே பாதித்திருக்கும். ஆயினும் ஆட்டம் முடியும்வரை அதைச் சொல்லாமல் வைத்திருந்தவருக்கு அது ஒரு சேமிப்பு: வென்றால் மறந்துவிடலாம், தோற்றால் எடுத்துக்கொள்ளலாம். திடல், கம்பம் முதலியவை பற்றிய ஆட்சேபத்தை ஆட்டம் தொடங்குமுன்பே நடுவரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இத்தகைய சேமிப்பை ஒழித்தது. 1891இல் நடுவர் திடலுக்குள் வந்து முழு அதிகாரம் பெற்றபின், ஆட்டத்தின் நிகழ்வுகள் பற்றிய அவர் தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு அப்பாற்பட்டதாயிற்று. இவ்விரு விதிகளும் இன்றும் ஏறத்தாழ எல்லா அமெச்சூர் லீக் சட்டங்களிலும் காணப்படுகின்றன.

காலணிக்குள் பணம்: டர்ஹம், 1928

தொழில்முறை அணிகளின் ஆதிக்கத்தால் கோப்பையில் இடமிழந்த கழகங்களுக்காக எஃப்.ஏ. 1893–94இல் அமெச்சூர் கோப்பையைத் தொடங்கியது. முதல் இறுதியாட்டத்தில் ஓல்டு கார்தூசியன்ஸ் அணி கேஷுவல்ஸ் அணியை 2–1 என்று வென்றது. இரண்டும் பழைய பள்ளி மரபின் அணிகள். ஆனால் அக்கோப்பையை மிகுதியாக வென்றது, பத்து முறை வென்ற பிஷப் ஆக்லாந்து. டர்ஹம் மாவட்ட நிலக்கரிப் பகுதியின் அணி அது. அதன் அண்டை ஊரான குரூக் ஐந்து முறை வென்றது. மேற்குடி அமெச்சூர்கள் 1907இல் எஃப்.ஏ.வுடன் முரண்பட்டுத் தனிச் சங்கம் கண்டு, 1914இல் மீண்டும் இணைந்தனர். அந்த இடைவெளிக்குள் அமெச்சூர் கோப்பையில் சுரங்க ஊர்களின் கை ஓங்கிவிட்டது.

டர்ஹமின் அமெச்சூர் சுரங்கத் தொழிலாளி. ஆட்டத்துக்குப்பின் அவர் காலணிக்குள் சில நாணயங்கள் வைக்கப்பட்டிருக்கும் என்பது அக்காலத்துப் பொதுப் பேச்சு. ‘காலணிப் பணம்’ என்ற பெயரே அவ்வழக்கிலிருந்து வந்தது. 1926ஆம் ஆண்டின் கதவடைப்பு பல மாதங்கள் நீடித்துச் சுரங்க ஊர்களை வறுமையில் தள்ளியிருந்தது. அச்சூழலில், பார்வையாளரிடமிருந்து திரட்டிய கட்டணத்தில் ஒரு பங்கு ஆடியவரிடம் சென்றதில் வியப்பில்லை.

1927–28 பருவத்தில் குரூக் டவுன் கழகம் செலவுக்கு மேற்பட்ட பணத்தை ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்ததாகக் கண்டறியப்பட்டுத் தண்டிக்கப்பட்டது. விசாரணை குரூக்கோடு நிற்கவில்லை. மாவட்டத்தின் பிற கழகங்களுக்கும் பரவி, 300க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் ஆடத் தடை பெற்றனர். சடெல் வாதமாக எடுத்துரைத்த ‘நாங்கள் மட்டுமல்லோம்’ என்பது இங்கே விசாரணையின் முடிவாக வந்து நின்றது. 1885இல் அவ்வாதத்துக்கு விடை விதியை மாற்றுவதாக இருந்தது. 1928இல் விடை மாவட்டம் முழுவதையும் தண்டிப்பதாக இருந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் எளிது. லங்காஷயரின் கழகங்களுக்குப் பின்னே ஆலை முதலாளிகளும் பிரிந்து செல்லும் வலிமையும் இருந்தன. டர்ஹம் சுரங்க ஊர்களின் கழகங்களுக்கு அவை இல்லை.

இதே பருவத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1928 பிப்ரவரியில் இங்கிலாந்தும் பிற மூன்று பிரிட்டிஷ் சங்கங்களும் ஃபிஃபாவிலிருந்து வெளியேறின. ஒலிம்பிக்கில் ஆடும் அமெச்சூர்களுக்கு இழந்த வேலை நேரத்துக்கான ஈடு கொடுக்கலாம் என்ற கருத்தை ஃபிஃபா ஏற்றதே காரணம். 1946 வரை அவை திரும்பவில்லை. முதல் மூன்று உலகக் கோப்பைகளிலும் இங்கிலாந்து இல்லாமற்போனதன் பின்னணி இது. எஃப்.ஏ. எதிர்த்து வெளியேறிய கொள்கை, அது 1882இல் தன் கைப்பட எழுதிய விலக்கு. ‘இழந்த கூலி’ ஈடு செய்யப்படலாம் என்று சொன்ன சங்கமே 46 ஆண்டுகளுக்குப்பின் அதை அமெச்சூர் நெறிக்குப் பகையாகக் கண்டது. 1885க்குமுன் அவ்விலக்கு தொழிலாளியைச் சங்கத்துக்குள் வைத்திருக்கத் தேவைப்பட்டது. கூலி வேண்டுபவருக்குத் தொழில்முறை என்ற தனி வாயில் திறக்கப்பட்டபின், அமெச்சூர் என்ற சொல்லின் பொருள் சுருங்கி, இழப்பைத் தாமே தாங்க வல்லவர் என்றாகிவிட்டது. சுரங்கத் தொழிலாளி இரு வாயில்களுக்கும் இடையே நின்றார்.

பதிவேடு மட்டும்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெச்சூர் கோப்பையின் புகழ் உச்சத்தை எட்டியது. 1951இல் வெம்பிளியில் பிஷப் ஆக்லாந்தும், ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் மாணவர் அணியான பெகாசசும் மோதிய இறுதியாட்டத்தைக் கண்டோர் 1,00,000 பேர். கட்டணம் செலுத்தி நுழைந்த அத்தனை பேர் முன்னிலையில் ஆடிய 22 பேருக்கும் விதிப்படி ஊதியம் கிடையாது. இத்தகைய ஏற்பாட்டின்கீழ்ப் பொய்யான செலவுக் கணக்கு எழுதப்படுவதைத் தடுக்க எந்த முறையீட்டாலும் இயலாது. முறையிட வேண்டியவரும் அதே கணக்கை எழுதியவராக இருந்தார்.

இறுதியில் எஃப்.ஏ. அமெச்சூர், தொழில்முறை என்ற பாகுபாட்டையே நீக்கியது. 1974ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் வெம்பிளியில் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டு அணி இல்ஃபோர்டை 4–1 என்று வென்றதே கடைசி அமெச்சூர் கோப்பை இறுதியாட்டம். அதன்பின் சங்கத்தின் பார்வையில் எல்லாரும் ‘ஆட்டக்காரர்’ ஆயினர். தகுதி வழக்குகள் ஓய்ந்துவிடவில்லை. அவை பதிவு நாள், மாற்று அனுமதி, தண்டனைக் காலம் ஆகியவற்றைப் பற்றியனவாக மாறின. 2006 டிசம்பரில் பெரி அணி எஃப்.ஏ. கோப்பையின் இரண்டாம் சுற்று மறு ஆட்டத்தில் செஸ்டர் சிட்டியை 3–1 என்று வென்றது. வேறு கழகத்திலிருந்து தற்காலிகமாகப் பெறப்பட்ட ஆட்டக்காரர் ஒருவர் ஆடுவதற்கான எழுத்துமூல அனுமதி உரிய காலத்துக்குள் சங்கத்தை வந்தடையவில்லை. அவர் பெற்ற ஊதியம் பற்றியோ வசிப்பிடம் பற்றியோ எவரும் கேட்கவில்லை. பெரி நீக்கப்பட்டது, செஸ்டர் சிட்டி மூன்றாம் சுற்றுக்குச் சென்றது.